என்ன போட்டுத் தேடுவாள்

பூண்டு உரிக்கிறதுக்கு மூளை வேண்டியதில்லை, அதுதான் அந்த வேலையில் இருக்கிற சங்கடம். கை பாட்டுக்கு உரித்துக்கொண்டிருக்கும், மனசு கயிறு அவிழ்ந்த மாடு மாதிரி எங்கேயாவது போய் வாய் வைக்கும். மத்தியானச் சாப்பாட்டுக் கேரியர்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு ராசாங்கம் கிளம்பியாயிற்று. பிள்ளை பெற்ற பெண்கள் இருக்கிற வீடுகளாகப் போய்க் கொடுத்துவிட்டு, நேற்றைய காலிக் கேரியர்களை வாங்கிக்கொண்டு புருஷன் திரும்புவதற்குள் தமயந்தி ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும். முக்காலிமேல் லேப்டாப் திறந்து கிடந்தது, பக்கத்தில் முறம் நிறையப் பூண்டு. காலையில் ஃபர்ஹானா போனில் சொன்னதுதான் காதைக் குடைந்துகொண்டிருந்தது. “அக்கா, சாயங்காலத்துக்குள்ள சொல்லுங்க. அந்த ஒரு பக்கத்த மட்டும் தூக்கிருவோம். அத யாரும் தேடல, யாரும் தெறக்கல. சும்மா கெடந்து மொத்த சைட்டையும் கீழ இழுக்குது.” தூக்கிருவோமாம். என்ன சுளுவாகச் சொல்லிவிட்டாள். ஃபர்ஹானா நல்ல பிள்ளைதான். பேகம்பூரில் வீட்டிலிருந்தபடியே நாலு ஊர்க் கடைகளின் வலைத்தளங்களைப் பார்த்துக்கொள்கிறவள், தேடலில் ஒரு தளத்தை மேலே ஏற்றுகிற வித்தை தெரிந்தவள். அவள் சொன்னது இதுவரை ஒன்றுகூடத் தப்பியதில்லை. அதுதான் தமயந்திக்குப் பயமாக இருந்தது.

தளத்துக்குத் ‘தாய்ப்பத்தியம்’ என்று பேர் வைத்தது தமயந்தியேதான். ஆகா, எப்பேர்ப்பட்ட பேர் என்று கொஞ்ச நாள் மிதப்பில் திரிந்தாள். அதையே இங்கிலீஷ் எழுத்தில் அடித்ததும் வந்தது வினை. டி, எச், ஏ, ஐ. தேடுகிற இயந்திரத்துக்கு அது அம்மா இல்லையாம், தாய்லாந்தாம். போதாக்குறைக்குக் கீழே ‘டெலிவரி சாப்பாடு’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தாள். ஊரில் இப்போது எவள் பிரசவம் என்கிறாள்? டெலிவரி ஆயிருச்சா, எப்ப டெலிவரி, மொத டெலிவரி அம்மா வீட்டுலதான், இப்படித்தானே பேச்சு. பெற்றவளுக்குக் கொடுக்கிறது டெலிவரி சாப்பாடு, இதில் என்ன குழப்பம்? ஆனால் அந்த இயந்திரம் இரண்டையும் கூட்டிப் பார்த்து, திண்டுக்கல்லில் தாய்லாந்துச் சாப்பாட்டை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிற கடை இது என்று முடிவு கட்டிவிட்டது. கொடைக்கானல் போகிற வழியில் காரிலிருந்து ஒருத்தன் கூப்பிட்டு, கிரீன் கரி கிடைக்குமா என்றான். பச்சைக் குழம்பு என்றால் கீரையைக் கேட்கிறானாக்கும் என்று நினைத்து, “முருங்கக்கீர இருக்கு தம்பி, தெனமும் உண்டு” என்றாள். நூடுல்ஸ் கேட்டான். “பச்ச ஒடம்புக்கு அதெல்லாம் ஆகாதுப்பா. யாருக்கு, ஒங்க வீட்டம்மாவுக்கா?” என்றாள். எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலைங்க என்று அவன் பதறிப்போய் வைத்துவிட்டான். ராசாங்கம் அன்றைக்குச் சாப்பிட உட்கார்ந்தவர் புரை ஏறும்வரைக்கும் சிரித்தார். அதற்குப் பிறகுதான் ஃபர்ஹானாவைப் பிடித்தது.

ஃபர்ஹானா வந்த பிறகு தளத்துக்கு உயிர் வந்தது, சும்மா சொல்லக்கூடாது. முதலில் படங்களைச் சுருக்கினாள். சுறாப்புட்டையும் பூண்டுக் குழம்பையும் தமயந்தி ஆசை ஆசையாகப் படம் எடுத்துப் போட்டிருந்தாள், ஒவ்வொன்றும் அம்மிக்கல் கனம். அது திறக்கிறதுக்குள் தேடி வந்தவள் அடுத்த கடைக்குப் போய்விடுவாள். “ஒரு கைல புள்ள, ஒரு கைல போனுக்கா. அவளுக்கு எங்க பொறும இருக்கும்?” என்பாள் ஃபர்ஹானா, பிள்ளை பெறாதவள், பெற்றவள் மாதிரியே. அப்புறம் கீவேர்ட் பார்க்கிற கருவி ஒன்றை லேப்டாப்பில் ஏற்றிக் கொடுத்தாள். நடுவில் ஒரு வெள்ளைக் கட்டம், அவ்வளவுதான். அதில் ஒரு சொல்லைப் போட்டால், மாசத்துக்கு எத்தனை பேர் அந்தச் சொல்லைப் போட்டுத் தேடுகிறார்கள் என்று காட்டும். தமயந்தி அழகு பார்த்து எழுதியிருந்த ‘மகப்பேற்றுப் பத்திய உணவு’க்கு ஈ காக்காய் கிடையாது. ‘புள்ள பெத்தவங்க என்ன சாப்பிடணும்’ என்பதை இங்கிலீஷ் எழுத்திலேயே எழுத்துப் பிழையோடு அடிக்கிறவர்கள் எக்கச்சக்கம். ‘சிசேரியன் பண்ணா கத்திரிக்கா சாப்பிடலாமா’ என்று கேட்கிறவர்கள் இன்னும் எக்கச்சக்கம். வெட்கமாக இருந்தது தமயந்திக்கு, இத்தனை பேர் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள், தான் வேறு ஏதோ பாஷையில் பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோமே என்று. “நீங்க என்ன சொல்ல நெனைக்கிறீங்கங்கறது முக்கியமில்லக்கா. அவ என்ன போட்டுத் தேடுவா? அதப் பிடிக்கணும்.” அதைப் பிடித்தார்கள். தளம் முதல் பக்கத்துக்கு வந்தது. கருவியில் ஒவ்வொரு பக்கத்துக்கும் மார்க் போடுகிற வட்டம் சிவப்பிலிருந்து மஞ்சளாகி, மஞ்சள் பச்சையாகிக்கொண்டிருந்தது. அந்த ஒரு பக்கம் மட்டும் சிவப்பிலேயே கிடந்தது.

ஒரு பல் பூண்டு நகக்கண்ணில் எரிந்தது. தமயந்தி விரலை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டே அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். ‘இழப்பிற்குப் பின்னரான அன்னையர் ஊட்டம்.’ அடச்சீ, என்ன தலைப்பு இது, நினைவு மலரில் போடுகிற மாதிரி. இதை எழுத வைத்தது ஒரு போன். போன ஆடி மாசம், யாரோ ஒரு பெண், சின்னக் குரல், டெலிவரி சாப்பாடு கொடுப்பீங்களாங்க என்று கேட்டது. இவள் எல்லாரிடமும் கேட்கிற மாதிரியே வாயெல்லாம் பல்லாக, “குடுப்போம்மா, என்ன கொழந்த?” என்றாள். எல்லாரும் அதற்குத்தான் காத்திருப்பார்கள், பொம்பளப் புள்ளைங்க என்றோ பையங்க என்றோ சொல்லும்போது குரலே மாறும். அந்தப் பெண்ணிடமிருந்து மூச்சு மட்டும் கேட்டது. அப்புறம் வைத்துவிட்டது. இவள் திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள், எடுக்கவில்லை. ஐயோ, கேட்டுத் தொலைத்தேனே, நான் போய்க் கேட்டேனே, ஊரில் எல்லாரும் கேட்கலாம் நான் கேட்கலாமா என்று அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அதற்கு மறுநாள் உட்கார்ந்து எழுதியதுதான் அந்தப் பக்கம். பிள்ளை தங்காதவளுக்கும் சாப்பாடு உண்டு என்று சொல்வதற்காக எழுதியது. ஆனால் எழுதும்போது ஒவ்வொரு சொல்லாகப் பயந்து பயந்து, துணி போர்த்திப் போர்த்தி எழுதியதில், கடைசியில் உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதியவளுக்கே தெரியவில்லை. ‘சில பொருட்கள் தவிர்க்கப்பட்டுள்ளன’ என்று ஒரு வரி. எந்தப் பொருள், எதற்காகத் தவிர்த்தோம் என்று அடுத்த வரி எழுதக் கை போகவில்லை. அப்படியே விட்டுவிட்டாள்.

தூக்கிருவோம். அந்தச் சொல்தான் விடமாட்டேன் என்கிறது. அன்றைக்கு இவளுடைய பிரசவத்தில் ஆஸ்பத்திரி ஆயாவும் அதையேதான் சொன்னாள், “நாங்க தூக்கிட்டுப் போயிர்றோம்மா, நீ பாக்காத.” தமயந்தி பார்க்கவில்லை. பார்க்காதே என்றதும் பார்க்காமல் இருந்துவிட்டாள், அப்படி ஒரு சொன்னபேச்சுக் கேட்கிற மூதேவி. முழு மாசம் நிறைந்த பிள்ளை. நகம்கூட இருந்தது என்று பிறகு யாரோ சொன்னார்கள். பக்கத்துக் கட்டில்காரிக்குப் பையன், அவள் மாமியார் வார்டு முழுக்கச் சர்க்கரை கொடுத்துக்கொண்டு வந்தவள், இந்தக் கட்டிலுக்கு வந்ததும் கையை மடக்கிக்கொண்டு நகர்ந்தாள். அம்மா ஊரிலிருந்து லேகியம் கிண்டிக் கொண்டுவந்திருந்தாள், சுக்கு, திப்பிலி, சித்தரத்தை, கருப்பட்டி, நெய் மிதக்க மிதக்க. டப்பாவை மூடித் திரும்பப் பைக்குள்ளே வைத்தாள். தமயந்தி அதைக் கண்ணால் பார்த்தாள். அம்மா கெட்டவள் இல்லை, அழுதுகொண்டேதான் வைத்தாள். பிள்ளை இருந்தால்தானே பத்தியம்? பிள்ளைக்காகத்தானே தாய்க்குச் சோறு? ரசஞ்சோறு வந்தது, காய்ச்சல்காரிக்கு வருகிற மாதிரி. அப்புறம் சின்னவன் பிறந்தான், இப்போது ஓசூரில் வேலைக்குக்கூடப் போய்விட்டான், அவன் பிறந்தபோது அதே அம்மா, அதே லேகியம், வாயில் ஊட்டி ஊட்டி விட்டாள். தமயந்தி விழுங்கிக்கொண்டே நினைத்தாள், அந்த உடம்புக்கும் இந்த உடம்புக்கும் என்ன வித்தியாசம்? அப்போதும் இடுப்பு விட்டுத்தானே போனது, அப்போதும் ரத்தம் போகத்தானே செய்தது? பெற்றவள் பெற்றவள்தானே? கேட்கவில்லை யாரிடமும். இந்தத் தொழிலே அந்தக் கேள்வியிலிருந்து வந்ததுதான் என்பது ராசாங்கத்துக்குத் தெரியுமோ என்னவோ, அவரிடமும் சொன்னதில்லை. வார்டிலிருந்து வீட்டுக்கு வந்ததுவரைக்கும் நினைவு நடக்கும், வீட்டு வாசலுக்கு வந்ததும் நின்றுகொள்ளும், உள்ளே வராது.

போன் அடித்தது. பதறி எடுத்தாள். பழனியிலிருந்து ஒரு ஆள், குரலிலேயே சந்தோஷம் வழிந்தது, நாளையிலிருந்து சாப்பாடு வேண்டுமாம், பழனிக்கு வருமா என்றார். வராதுங்க, வண்டி அவ்வளவு தூரம் போகாது என்றாள். அவராகவே, “ரெட்டப் புள்ளைங்க!” என்றார். “நல்லா இருக்கட்டும்ங்க” என்று சொல்லி வைத்தாள். மனசாரத்தான் சொன்னாள், பொறாமை எல்லாம் எப்போதோ போய்விட்டது. இப்படித் தேடிப் பிடித்துக் கூப்பிடுகிறார்களே, ஃபர்ஹானா சொல்கிறபடி அந்த ஒரு பக்கத்தால் தளம் கீழே போய்விட்டால் இவர்கள் எல்லாம் எங்கே போவார்கள்? மதுரையில் பெரிதாக ஒரு கடை ஆரம்பித்திருக்கிறார்கள், இவளுடைய சுறாப்புட்டுப் படத்தையே சுட்டுப் போட்டு இவளுக்கு மேலே நிற்கிறார்கள். யாருமே வராத ஒரு அறைக்காக வீட்டையே இடியவிட முடியுமா? நியாயம்தான். ஆனால் யாருமே வரவில்லை என்றால் அப்படி ஒருத்தியும் இல்லை என்றா அர்த்தம்? அந்தச் சின்னக் குரல் இருந்ததே. அது எங்கேயோ ஒரு கட்டிலில் உட்கார்ந்து கட்டத்தில் எதையோ அடித்திருக்கும்தானே. எதை? பூண்டுக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு தமயந்தி கருவியின் கட்டத்தில் அடித்துப் பார்த்தாள். ‘குழந்தை இழந்த தாய் உணவு.’ பூஜ்யம். ‘குழந்தை தவறிய பின் பத்தியம்.’ பூஜ்யம். ‘இறந்து பிறந்த’ என்பதுவரைக்கும் அடித்து, விரல் கூச, அழித்தாள். ‘அபார்ஷன்’ என்று போட்டால் எண் கொட்டியது, ஆனால் அது வேறே கதை. ‘வயித்துலயே’ என்று ஆரம்பித்து விட்டுவிட்டாள். ஊரில் இதற்கு ஒரு சொல்லும் கிடையாது. ‘அப்படி ஆயிருச்சு’ என்பார்கள், கண்ணைத் தாழ்த்திக்கொள்வார்கள், அவ்வளவுதான். அப்படி ஆயிருச்சு என்று போட்டா ஒருத்தி தேடுவாள்? எல்லாம் தெரிந்த இந்த இயந்திரத்துக்கு இது ஒன்று தெரியவில்லை என்றால் தப்பு யாருடையது, சொல்லவே சொல்லாத நம்முடையதுதானே, என்று கோபம் கோபமாக வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. இனி அடிக்க ஒன்றும் மிச்சமில்லை என்று பட்டது. ஃபர்ஹானாவைக் கூப்பிட்டுச் சரிம்மா என்று சொல்லிவிடலாம் என்று போனை எடுத்தபோது வாசலில் வண்டி நிற்கிற சத்தம் கேட்டது.

ராசாங்கம் கேரியர்களை இரண்டு கையிலும் கோத்துக்கொண்டு நேரே கொல்லைப்பக்கத் தொட்டிக்குப் போனார். கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் தண்ணீரே குடிப்பார், அது ஒரு பழக்கம். தமயந்தி சமையற்கட்டு வாசற்படியில் வந்து உட்கார்ந்தாள்.

“ஃபர்ஹானா அந்தப் பக்கத்த எடுத்துரலாங்குது” என்றாள்.

“எந்தப் பக்கம்?”

“புள்ள தங்காதவங்களுக்கு எழுதுனேனே.”

அவர் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டார். இந்தப் பேச்சு வந்தாலே அந்த மனுசனுக்கு ஒரு வேலை வந்துவிடும்.

“அவங்க என்ன போட்டுத் தேடுவாங்கன்னு எனக்குப் பிடிபடலங்க” என்றாள் தமயந்தி. கேட்கக் கூடாது என்றுதான் நினைத்தாள், வாய் கேட்டுவிட்டது. “நமக்கு ஆனப்ப கைல இந்த மாதிரி போன் இருந்திருந்தா, நீங்க என்னத்தத் தேடியிருப்பீங்க?”

கேரியர்த் தட்டைத் தேய்த்துக்கொண்டிருந்த கை நின்றது. தேங்காய் நாரைக் கீழே வைத்தார். முதுகைக் காட்டிக்கொண்டுதான் இருந்தார், திரும்பவில்லை.

“பால் நிக்கறதுக்கு என்ன பண்றதுன்னு” என்றார்.

அவ்வளவுதான். வாசலோடு நின்றுகொண்டிருந்த நினைவு வீட்டுக்குள் வந்துவிட்டது. வந்த மூன்றாம் நாள் அது. மார் கல்லாகக் கட்டிக்கொண்டு, ரவிக்கை நனைந்து, பாய் நனைந்து, யாருக்கு என்று தெரியாமல் வந்துகொண்டே இருந்ததே. தெருவில் எந்தப் பிள்ளை அழுதாலும் வந்ததே. வலியில் சுவரில் முட்டிக்கொண்டாளே. பால் இன்னும் ஊறிவிடும் என்று பயந்துதானே அம்மா லேகியத்தை மூடினாள், பூண்டைக் கண்ணிலேயே காட்டவில்லை, இவளும் அதனால்தானே சில பொருட்களைத் தவிர்த்தாள். அந்த ராத்திரி எவளுக்கும் ஊட்டம் என்று தேடத் தோன்றாது, இழப்பு என்று தேடத் தோன்றாது. தமயந்தி எழுந்து உள்ளே போனாள். கட்டத்தில், நின்றபடியே, ‘குழந்தை இல்ல பால் நிக்க என்ன செய்யணும்’ என்று அடித்தாள். சக்கரம் சுற்றியது. எண் வந்தது. பெரிய எண் இல்லை, ஆனால் பூஜ்யம் இல்லை. கீழே அதே மாதிரித் தேடல்கள் என்று வரிசையாக விழுந்தன. ‘பாப்பா இல்ல பால் வருது.’ ‘பால் கட்டி வலி தாங்க முடியல.’ ‘குழந்தை இறந்துருச்சு பால் எப்ப நிக்கும்.’ தமிழில், இங்கிலீஷ் எழுத்தில், பிழையோடு, அரைகுறையாக. அடி பாவிகளா, இங்கேதான் இருக்கீங்களா எல்லாரும் என்று சொல்லி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுகை அடங்கியதும் ஃபர்ஹானாவுக்குப் போன் போட்டாள்.

“அத எடுக்க வேணாம்மா. தலைப்ப மாத்தணும், எழுதிக்க. பாப்பா இல்ல, பால் நிக்கல, என்ன சாப்பிடறது.”

ஃபர்ஹானா எழுதிக்கொள்கிற சத்தம் கேட்டது, அப்புறம் அது நின்றது. “எப்பிடிக்கா இது எனக்குத் தோணல?” என்றாள். “தோணாமலே இருக்கட்டும்மா” என்று தமயந்தி வைத்துவிட்டாள்.

திரும்பினால் ராசாங்கம் ஈரக் கையோடு நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தார்.

“நர்ஸம்மா சொல்லிச்சு, மல்லியப்பூவ வச்சு மார்ல கட்டுங்க, நின்னுரும்னு” என்றார். “பூ மார்க்கெட்டுக்கு நாந்தான் போனேன்.”

கட்டியது அம்மா. ஈரத்துணியில் பூவைப் பரப்பி இறுக்கிக் கட்டியதும், அது வாடி வாடி மாற்றியதும் தமயந்திக்கு ஞாபகம் இருந்தது. அதற்குப் பிறகு அவள் மல்லிகை வைப்பதில்லை, கனகாம்பரத்தோடு சரி. அந்தப் பூவை யார் வாங்கிவந்தது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

“அம்புட்டுப் பூ கேட்டதும், என்ன தம்பி வீட்டுல விசேசம்னு கேட்டுச்சு அந்தப் பூக்காரம்மா. என்னத்தச் சொல்ல? புள்ளைக்குப் பேரு வைக்கிறோம்னுட்டேன்.”

தமயந்தி போனை முக்காலிமேல் வைத்தாள்.

“என்ன பேருன்னு கேட்டுச்சு. அபிராமின்னேன்.” ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். “மேல ஒரு முழம் போட்டுச்சு. காசு வாங்கல. அபிராமிக்கு நான் குடுத்தேன்னு அவங்காத்தாட்ட சொல்லுய்யான்னுச்சு. சொல்லணும் சொல்லணும்னுதான் இருந்தேன், தமயந்தி.”